அருவ ஓவியப் பயிற்சியில் விளையாட்டும் வரையறையும்

முன்னுரை

ஓவியம் பயிலப் புகுவார்க்கு முதற்பாடம் யாதாதல் வேண்டும் என்னும் வினாவிற்கு ஐரோப்பியக் கலைக்கழகங்கள் நெடுங்காலம் ஒரே விடையைக் கூறிவந்தன. முன்னோர் வரைந்தவற்றின் அச்சுப்படிகளைப் பார்த்து வரைக. பின்னர்ச் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைக. அதன்பின் உயிருள்ள மாந்தரைப் பார்த்து வரைக என்பதே அவ்விடை. கண்டதைக் கண்டவாறே காட்டும் கைத்திறன் கலையின் வாயில் என்பது அதன் அடிப்படை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொருளின் தோற்றத்தைக் காட்டாத ஓவியம் எழுந்தபோது இவ்விடை நிலைகுலைந்தது. காட்டற்குரிய பொருளே இல்லையெனின் பார்த்து வரைவது எதனை? 'இது பொருந்தாது' என்று ஆசிரியர் கூறுதற்கு அளவுகோல் யாது?

இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்ற ஆசிரியர் பலரும் சென்று சேர்ந்த இடம் விளையாட்டாகும். தாளை மடித்தும், வண்ணத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்தும், கோட்டை அதன் போக்கில் செல்லவிட்டும், மாணவர் தாமே செய்து கண்டறியுமாறு அவர்கள் பயிற்சிகளை வகுத்தனர். ஆயின், 'விளையாட்டு' என்னும் சொல் இருதிறத்தாரை மயக்கிவிட்டது. ஒரு திறத்தார், மனம் போனவாறு வண்ணத்தைத் தெளித்தால் தோன்றுவதெல்லாம் அருவ ஓவியமே எனக் கற்பிப்பர். மற்றொரு திறத்தார், சிறுபிள்ளையும் செய்யத்தக்க கிறுக்கலைக் கலையென்று கொண்டாடுவதோ என எள்ளுவர். முன்னவர் புகழ்வதும் பின்னவர் பழிப்பதும் ஒன்றே, அது விதியின்மை. அருவ ஓவியத்தைத் தொடக்கநிலையார்க்குக் கற்பித்த தலைசிறந்த ஆசிரியரிடத்து விளையாட்டென்பது விதியின்மை அன்று, வரையறைக்கு உட்பட்ட தேடலே என்று காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வுக்குரிய இதழில் இப்பொருள் இடம்பெறுதற்குக் காரணம் உண்டு. ஓவியம் பற்றித் தமிழில் எழுதுவோர் ஆளும் கலைச்சொல்லே மேற்கூறிய மயக்கத்தை வளர்க்கின்றது என்பது நம் கருத்து. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

1. சொல்லும் பொருளும்

பொருளின் தோற்றத்தைக் காட்டாத ஓவியத்தை 'அருவ ஓவியம்' என்றும் 'அரூப ஓவியம்' என்றும் நாம் வழங்கிவருகின்றோம். அருவம் என்பது உருவத்தின் மறுதலை. உருவம், அருவம், அருவுருவம் என இறைவன் திருமேனியை மூவகைப்படுத்தும் சைவ சித்தாந்த மரபில் அருவம் என்பது கண்ணுக்குப் புலனாகாத நிலையைக் குறிக்கும். காண்டின்ஸ்கியின் பிற்கால ஓவியம் ஒன்றைப் பார்ப்போமாயின் அங்கே வட்டம் உண்டு, கோணம் உண்டு, தடித்த கோடும் மெலிந்த கோடும் உண்டு, மஞ்சளும் நீலமும் உண்டு. இவையனைத்தும் கண்ணுக்குப் புலனாவன, உருவமுடையன. அங்கே இல்லாதது உருவம் அன்று. அவ்வுருவத்தைத் தனதாகக் கொண்ட பொருளே அங்கில்லை.

ஐரோப்பிய மொழிகள் இதற்கு ஆளும் சொல், 'இழுத்துப் பிரித்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. எதனினின்று எதனைப் பிரித்தல் என்பதற்கு நம் இலக்கணமே தெளிவான விளக்கம் தருகின்றது. தொல்காப்பியர் எச்சவியலில் பண்புத்தொகையை விளக்குமிடத்து, வண்ணம், வடிவு, அளவு, சுவை என்பவற்றைப் பண்பாக எண்ணுகின்றார். செந்தாமரை என்புழிச் செம்மை பண்பு. தாமரை அப்பண்பையுடைய பண்பி. தோற்றம் காட்டும் ஓவியன் செந்தாமரையை வரைகின்றான். அருவ ஓவியன் எனப்படுவான் தாமரையை விலக்கிச் செம்மையை நிறுத்துகின்றான். வட்ட நிலாவின் நிலாவை விலக்கி வட்டத்தை நிறுத்துகின்றான். எனவே இக்கலையின் சாரம் உருவத்தை இழத்தல் அன்று. பண்பியினின்று பண்பைப் பிரித்து, அப்பண்பையே பொருளாகக் கொள்ளுதல். ஓர் ஆய்வுச்சொல்லாக இதனைப் 'பண்போவியம்' எனல் தகும். ஊன்றிவிட்ட வழக்கை மாற்றுதல் நம் எண்ணம் அன்று. ஆதலின் 'அருவம்' என்ற சொல்லையே ஆளுவோம். பொருளை மட்டும் இவ்வாறு கொள்வோம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. உருவமின்மையே குறிக்கோள் என்று கொண்ட ஆசிரியர், மாணவரிடம் உருவத்தைக் குலைக்கும்படி கூறுவார்; குலைத்தற்கு விதி வேண்டுவதில்லை. பண்பைப் பிரித்தறிதலே குறிக்கோள் என்று கொண்ட ஆசிரியரோ, ஒரு பண்பை மட்டும் எடுத்து, ஏனையவற்றை அடக்கி, அதன் இயல்பைச் சோதிக்குமாறு கூறுவார். சோதனைக்கு வரையறை இன்றியமையாதது. விளையாட்டு இருவரிடத்தும் உண்டு. கல்வி பின்னவரிடத்து மட்டுமே உண்டு.

2. விளையாட்டின் இயல்பு

விளையாட்டைக் கல்வியினின்றும் கலையினின்றும் வேறாக எண்ணுதல் நம் மரபில் தொன்மையானதன்று. மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்துள்ளது. மேனாட்டாருள் சில்லர், மாந்தரின் அழகுணர்வுக் கல்வி பற்றி 1795-இல் வெளியிட்ட மடல்களில், புலனுணர்வின் உந்துதலையும் அறிவின் ஒழுங்கையும் இணைப்பது விளையாட்டு உந்துதலே என வாதிட்டார். டச்சு நாட்டு வரலாற்றறிஞர் யோஹான் ஹய்சிங்கா 1938-இல் வெளியிட்ட நூலில், விளையாட்டு தனக்கென எல்லைப்பட்ட இடமும் காலமும் விதியும் உடையது என விளக்கினார். விதியை மீறுவோன் விளையாட்டையே கலைத்துவிடுகின்றான் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. பாண்டி ஆடும் சிறுமியர் கட்டத்தின் கோட்டை மிதித்தவரை விலக்கிவைப்பதைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கருத்தைப் பயிற்றுமுறையாக வடித்தவர் செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் பிரோபெல். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளஞ்சிறார்க்கென அவர் நிறுவிய கல்விநிலையமே பின்னர்க் கிண்டர்கார்ட்டன் எனப் பெயர் பெற்றது. பந்து, உருளை, கனசதுரம், அதனைப் பகுத்த கட்டைகள் ஆகியவற்றை வரிசைப்படுத்திச் சிறார் கையில் அளித்தார். தாள் மடித்தலையும் தாட்கீற்றுப் பின்னலையும் பயிற்சியாக்கினார். இவ்விளையாட்டுப் பொருள்களிடையே பொம்மை இல்லை. குழந்தை ஆடுவது வடிவத்தோடும் எண்ணிக்கையோடும் சமநிலையோடுமே. மேலே நாம் பண்பைப் பிரித்தல் என்று கூறியது இங்கே நிகழக் காண்கின்றோம். அருவ ஓவியம் தோன்றுதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே அதற்குரிய பயிற்சி பள்ளிச்சிறாரிடையே தோன்றிவிட்டது எனலாம்.

3. இட்டன் வகுத்த தொடக்கப் பயிற்சி

1919-இல் வால்ட்டர் குரோப்பியஸ் வைமார் நகரில் நிறுவிய பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி, 1925-இல் டெஸ்ஸாவுக்கும் 1932-இல் பெர்லினுக்கும் பெயர்ந்து, 1933-இல் மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே வாழ்ந்த இப்பள்ளி உலகக் கலைக்கல்விக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் தலையாயது அதன் தொடக்கப் பயிற்சி. தச்சு, நெசவு, உலோகம், மட்கலம் ஆகிய எத்தொழிலைப் பயில விரும்பியவரும் முதலில் இப்பயிற்சியைக் கடத்தல் வேண்டும்.

இதனை வகுத்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு ஓவியர் யொஹான்னஸ் இட்டன். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்பது கருதத்தக்கது. அவர் பயிற்சிகளின் அச்சாணி முரண். பெரிது-சிறிது, வழவழப்பு-சொரசொரப்பு, ஒளி-இருள், நேர்மை-வளைவு என இணைமுரண்களை வகுத்து, ஒவ்வொன்றனையும் மாணவர் தம் புலனால் உணர்ந்து, பின்னர்ப் பொருளாலும் கோட்டாலும் வெளிப்படுத்துமாறு செய்தார். மரப்பட்டை, கம்பளி, கண்ணாடி, இறகு போல்வனவற்றைக் கண்மூடித் தடவி அறிந்து, அவ்வறிவைத் தாளில் வரைதல் ஒரு பயிற்சி. கிடைத்த பொருள்களை இணைத்து முரண் தோன்ற அமைத்தல் மற்றொன்று. வகுப்பின் தொடக்கத்தில் மூச்சுப்பயிற்சியும் உடலசைவும் இடம்பெற்றன.

இட்டனின் பெருமை, மாணவர் முன்பே கற்று வைத்திருந்த கைப்பழக்கத்தைக் களைந்தமை. இறகை வரைக என்றால் மாணவர் தாம் அறிந்த இறகின் படத்தை வரைவர். மென்மையை வரைக என்றால் அறிந்த படம் ஒன்றும் உதவாது. புதிதாகத் தேடியே தீர்தல் வேண்டும். எனினும் அவர்பால் ஒரு குறை உண்டு. பயிற்சியின் முடிவை அளக்கும் கோலாக அவர் மாணவரின் தனித்தன்மையைப் பெரிதும் கொண்டார். அவ்வத்தன்மைக்கு ஏற்ப வெளிப்பாடு அமைந்ததா என்று காண்பார் ஆசிரியர் ஒருவரே. எனவே விளையாட்டின் தீர்ப்பு, விளையாடுவோர் எல்லாரும் காணத்தக்க களத்தில் அமையாது ஆசிரியரின் உள்ளத்தில் அமைந்துவிட்டது. 1923-இல் இட்டன் பள்ளியை நீங்கினார். அதன்பின் ஹங்கேரி நாட்டவரான மொஹொலி-நாகியும் யோசெப் ஆல்பர்ஸும் இப்பயிற்சியை வேறு திசையில் நடத்தினர்.

4. கிளேயின் கோடு

பவுல் கிளே 1921 முதல் 1931 வரை பௌஹவுஸில் ஆசிரியராக இருந்தார். அவர் தம் வகுப்புகளுக்காக எழுதிய குறிப்புகள் ஏறத்தாழ 3,900 பக்க அளவில் பெர்ன் நகரில் பேணப்படுகின்றன. அவற்றினின்று தேர்ந்த சுருக்கமாக, பௌஹவுஸ் நூல்வரிசையின் இரண்டாம் நூலாக 1925-இல் வெளிவந்தது அவருடைய 'பயிற்றுமுறைக் குறிப்பேடு'. தொடக்கநிலையார்க்குரிய நூல் என்ற அளவில் இதன் முதற்பக்கங்களின் வைப்புமுறை திறனாய்வுக்குரியது.

நூல், குறிக்கோள் ஏதுமின்றி உலவச் செல்லும் ஒரு கோட்டோடு தொடங்குகின்றது. நகரும் புள்ளியே அக்கோட்டை ஆக்குவது. இதனை மட்டும் எடுத்துக்காட்டி, கிளே கட்டற்ற விளையாட்டைக் கற்பித்தார் என்பார் உளர். அடுத்து வருவனவற்றையும் நோக்குதல் வேண்டும். அதே கோடு துணைவடிவங்களோடு வருகின்றது; பின்னர்த் தன்னையே சுற்றி வருகின்றது; அதன்பின், வரையப்படாத ஒரு முதன்மைக் கோட்டைச் சூழ்ந்து இரு துணைக்கோடுகள் செல்கின்றன. அதற்கும் பின்னர், நிலைத்த புள்ளிகளால் எல்லைப்படுத்தப்பட்ட கோடு வருகின்றது. உலவிய கோடு இப்போது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு விரைகின்றது. முடிவில், கோடு தன் செயலை இழந்து பரப்பின் விளிம்பாக அடங்கும் நிலை காட்டப்படுகின்றது.

இவ்வரிசையில் கிளே புரிந்தது யாது? ஒரே கோட்டுக்கு ஒவ்வொரு நிபந்தனையாக விதித்து, நிபந்தனை மாறுந்தோறும் கோட்டின் குணம் எவ்வாறு மாறுகின்றது என்று காட்டினார். உலாவும் கோடு, விரையும் கோடு, அடங்கிய கோடு என்னும் மூன்றும் மையினால் ஒன்றே, விதியினால் வேறு. மாணவர் இங்கே விடுதலையைத் துறந்து விதிக்கு அடங்கக் கற்கவில்லை. விதியே குணத்தைப் பிறப்பிக்கின்றது என்பதைக் கற்கின்றனர். எழுத்தும் சொல்லும் மாறாதிருக்க ஓசை மட்டும் மாறியவழிப் பொருள் மாறுதலைக் கண்ட மொழி மாணவர்க்கு இஃது அயலான உண்மை அன்று.

கிளே தோற்றத்தை வெறுத்தவரும் அல்லர். எலும்பும் தசையும் இயையும் முறை, நீர் விழுந்து ஆலைச்சக்கரத்தைச் சுழற்றும் முறை ஆகியவற்றை அவர் அதே நூலில் எடுத்துக்காட்டாக ஆள்கின்றார். பொருளினின்று இயக்கத்தைப் பிரித்தெடுத்து அவ்வியக்கத்தைக் கோடாக்குதலே அவர் வேண்டியது. இந்நூலின் குறை அதன் செறிவே. ஆசிரியர் உடனிருந்து விளக்கிய வகுப்பின் எலும்புக்கூடாக நூல் நிற்கின்றது. தனித்துப் படிப்போர் இதனைச் சூத்திரமெனக் கொண்டு மனனம் செய்வாராயின், உலவச் சென்ற கோடு ஓரடியும் நகராது.

5. காண்டின்ஸ்கியின் பகுப்பு வரைவு

1922-இல் பௌஹவுஸில் சேர்ந்த காண்டின்ஸ்கி நடத்திய பயிற்சி பண்பைப் பிரித்தலை வெளிப்படையாகவே காட்டுவது. கூடை, துணி, ஏணி போன்ற பொருள்களை ஒருங்கு அடுக்கி, மாணவரை அதன்முன் அமர்த்துவார். முதற்படியில் பொருள்களை எளிய வடிவங்களாகச் சுருக்கி வரைதல் வேண்டும். அடுத்த படியில் அவ்வடிவங்களிடையே உள்ள இழுவிசைகளைக் கோடுகளாகக் குறித்தல் வேண்டும். இறுதிப் படியில் ஏணியும் கூடையும் மறைந்து, இழுவிசைகளின் அமைப்பு மட்டும் எஞ்சுதல் வேண்டும். அருவ ஓவியம் வெறுமையில் தோன்றுவது என எண்ணும் மாணவர்க்கு இதனினும் சிறந்த மறுப்பு இல்லை. ஒவ்வொரு படியிலும் எது நீக்கப்பட்டது, எது நிறுத்தப்பட்டது என்று கூறவியலும். எனவே பொருத்தமும் பொருந்தாமையும் பேசவியலும்.

ஆயின் அவருடைய மற்றொரு சோதனை இவ்வளவு சிறந்ததன்று. 1923-இல் அவர் பள்ளியில் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார். முக்கோணம், சதுரம், வட்டம் என்னும் மூன்றனுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்னும் மூன்றனுள் எவ்வெவ்வண்ணம் உரியது எனக் குறிக்குமாறு கேட்டார். மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம் என்னும் இயைபே பள்ளியின் கொள்கையாக நிலைபெற்றது. வண்ணத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை விளையாட்டாக ஆராய்ந்த முயற்சியாகவே இது தோன்றும். ஆயின், கூரிய வடிவுக்கு மஞ்சளும் ஆழ்ந்த வட்ட வடிவுக்கு நீலமும் பொருந்தும் என்னும் கருத்தை, 1911 இறுதியில் வெளிவந்த தம் நூலிலேயே காண்டின்ஸ்கி கூறியிருந்தார். விடையை முன்பே அறிந்த ஆசிரியர், அவ்விடையைக் கேட்டுப் பழகிய மாணவரிடம் வினவுகின்றார். இதனைச் சோதனை என்பதினும் ஒப்புவித்தல் என்பதே பொருத்தம். விளையாட்டின் முடிவு முன்னரே தெரியுமாயின் அது விளையாட்டாகாது, சடங்காகிவிடும்.

6. ஆல்பர்ஸின் தாளும் வண்ணமும்

மேற்கூறிய இரு குறைகளையும், அஃதாவது தீர்ப்பு ஆசிரியர் உள்ளத்தில் மறைதலையும் விடை முன்பே தெரிதலையும், பெரும்பாலும் நீக்கியவர் யோசெப் ஆல்பர்ஸ். இவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரே. 1920-இல் தம் முப்பத்திரண்டாம் அகவையில் பௌஹவுஸில் மாணவராகச் சேர்ந்து, 1923 முதல் அங்கேயே ஆசிரியரானார்.

அவர் வகுப்பில் நிகழ்ந்த ஒரு பயிற்சியை அவர் மாணவர் ஒருவர் நினைவுகூர்ந்து எழுதியுள்ளார். ஆல்பர்ஸ் செய்தித்தாள்களைக் கொணர்ந்து ஆளுக்குச் சிலவாக வழங்கினார். தாளின் இயல்பை மதித்து, வீணாக்காமல், கூடுமானவரை கருவியின் துணையின்றி ஏதேனும் செய்க என்று கூறி வெளியேறினார். சில மணிநேரம் கழித்து வந்தபோது கோட்டையும் விமானமும் விலங்கும் தாளில் உருவாகியிருந்தன. அவற்றையெல்லாம் சிறுபிள்ளை வேலையென ஒதுக்கினார். வேறு மூலப்பொருளில் அவை இதனினும் நன்கு அமைந்திருக்கும் என்றார். பின்னர் மிக எளிய ஒன்றைச் சுட்டினார். ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிற்கவைத்திருந்தார், அவ்வளவே. கிடந்தவழித் துவளும் தாள் மடித்தவழி விறைத்து நிற்கும்; அதுவும் மெல்லிய விளிம்பின்மேல் நிற்கும். இது தாளுக்கே உரிய பண்பு. கல்லுக்கும் மரத்துக்கும் இல்லாதது.

இந்நிகழ்ச்சியில் நம் ஆய்வுக்குரிய அனைத்தும் அடங்கியுள்ளன. ஆல்பர்ஸ் விதித்த வரையறைகள் கடுமையானவை. விடையையோ அவர் விதிக்கவில்லை. கோட்டை செய்தவர் தாளைக் கோட்டையின் போலியாக ஆக்கினார், பண்பியை நாடினார். மடித்தவர் தாளின் பண்பை நாடினார். எது சிறந்தது என்பதற்கு ஆசிரியரின் சுவை சான்றன்று. நிற்கும் தாளே சான்று. அதனை வகுப்பிலுள்ள எவரும் கண்டு ஒப்பலாம்; மறுக்கவும் செய்யலாம்.

1933-இல் பௌஹவுஸ் மூடப்பட்டபின் ஆல்பர்ஸ் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1949 வரையும், யேல் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரையும் கற்பித்தார். அவ்வனுபவத்தின் விளைவாக 1963-இல் வெளிவந்தது 'வண்ணங்களின் ஊடாட்டம்' என்னும் நூல். முதற்பதிப்பில் 150 வண்ணப் பலகங்கள் பட்டுத்திரை முதலிய முறைகளில் அச்சாகி இணைந்திருந்தன. இட்டன் தம் தொடக்கப் பயிற்சியை விளக்கி எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளிவந்தமை இருவரையும் ஒப்பிடுவார்க்கு வாய்ப்பாகும்.

இந்நூலின் புதுமை, கோட்பாட்டுக்கு முன் பயிற்சியை வைத்தது. வண்ணச் சக்கரம், வண்ணப் பொருத்த விதிகள் என்பனவற்றோடு தொடங்கும் வழக்கத்தை ஆல்பர்ஸ் கைவிட்டார். முதற்பயிற்சிகளுள் ஒன்று இது: ஒரே வண்ணத்தாளிலிருந்து இரு சிறு துண்டுகளை வெட்டி, வேறுபட்ட இரு பின்னணிகளின்மேல் வைத்து, அவை இரு வேறு வண்ணங்களாகத் தோன்றுமாறு செய்க. இதன் மறுதலையாக, வேறுபட்ட இரு வண்ணங்களைப் பின்னணியின் துணையால் ஒன்றெனத் தோன்றச் செய்க என்பது பிறிதொன்று. தூரிகையும் வண்ணக்குழம்பும் வேண்டா; வண்ணத்தாளே போதும். இதழ்களிலும் சுவரொட்டிகளிலும் கழிந்த துண்டுகளும் ஆகும். கலக்கும் உழைப்பில்லை, தூரிகைத் தடம் இடையில் வந்து மயக்குவதில்லை, பொருந்தாததை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது எளிது, அதே வண்ணத்தை மீண்டும் மாறாமற் பெறவும் முடியும்.

வரைதற்றிறம் சிறிதும் இல்லாத மாணவரும் இவ்விளையாட்டில் இறங்கலாம். ஆயின் எளிதில் வெல்ல முடியாது. பல துண்டுகளை வைத்தும் எடுத்தும் தோற்றபின்னரே, ஒரே வண்ணம் இரண்டாகத் தோன்றும் கணம் வாய்க்கும். அக்கணத்தில் மாணவர் அறிவது, வண்ணம் தனித்து நிற்பதன்று, அண்டை வண்ணத்தால் ஆளப்படுவது என்பதாகும். அருவ ஓவியத்தின் இலக்கணமாகிய உறவு என்பதை ஒரு சொல்லும் கேளாமல் கண்ணாலேயே கற்றுவிடுகின்றார். செய்தவற்றையெல்லாம் தரையில் பரப்பி, வகுப்பே சூழ்ந்து நின்று ஆராய்தல் ஆல்பர்ஸின் வழக்கம். விளையாட்டுக்குப்பின் வரும் இவ்வாராய்ச்சி இல்லையேல், நேர்ந்தது நேர்ந்ததாகவே கழியும், அறிவாக நிலைக்காது.

7. தடையும் விடையும்

இங்கே வலிய தடை ஒன்று எழும். 'இவையெல்லாம் பயிற்சியே அன்றிக் கலை ஆகுமோ? ஒரே வண்ணத்தை இரண்டாகக் காட்டுதல் கண்கட்டு வித்தை. அதில் உள்ளத்தின் உணர்ச்சிக்கு இடமெங்கே?' என்பர். இத்தடையை எளிதிற் புறக்கணித்தல் நேர்மையன்று.

யாப்புப் பயில்வார்க்கு ஈற்றடியைக் கொடுத்து வெண்பா முடிக்கச் செய்யும் பயிற்சி நம்மிடையே நெடுங்காலம் வழங்கியது. அதுவும் ஒரு விளையாட்டே. அதற்குத் தளையும் சீரும் வரையறை. அவ்வாறு முடிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை கவிதையல்ல என்பதை நாமறிவோம். ஆனால் தளையின் இயல்பு செவியில் ஊன்றிய ஒருவரே, உணர்ச்சி வந்தவழி அதனைச் சிதையாமல் தாங்கும் யாப்பை உடையவராகின்றார். பயிற்சி கவிதையைத் தருவதில்லை. கவிதை வருங்கால் நிற்கும் தரையைத் தருகின்றது. ஆல்பர்ஸின் வண்ணப் பயிற்சியும் இத்தகையதே.

தடையின் மற்றொரு பகுதி இதனினும் கூர்மையுடையது. பௌஹவுஸின் தொடக்கப் பயிற்சி பின்னர்ப் பல நாட்டுக் கலைப்பள்ளிகளில் அடிப்படைப் பாடமாகப் பரவியது. பரவியபோது, வினாவோடு விடையும் சேர்ந்தே பரவியது. தாள் மடிப்பு எவ்வாறு தோன்றுதல் வேண்டும் என்பதை மாணவர் முன்னை ஆண்டினர் செய்தவற்றைப் பார்த்தே அறிந்துகொண்டனர். ஒருகாலத்தில் கண்டுபிடிப்பாக இருந்தது பாணியாக இறுகியது. நாம் காண்டின்ஸ்கியின் வினாத்தாளில் கண்ட குறை இங்கே ஆல்பர்ஸின் பயிற்சிக்கும் வந்து சேர்கின்றது. இக்குற்றம் வரையறைக்கு உரியதன்று. வரையறையை மாற்றாமல் காத்த பின்னோர்க்கு உரியது. விடை தெரிந்துவிட்ட நாளில் வினாவை மாற்றுதல் ஆசிரியர் கடன். தாளின் இயல்பை எல்லாரும் அறிந்துவிட்டனராயின், கம்பியைக் கொடுத்தல் வேண்டும். கம்பியும் பழகிவிடின், பனையோலையைக் கொடுத்தல் வேண்டும்.

பயிற்சி மாணவரை ஆசிரியரின் நிழலாக்கிவிடும் என்ற அச்சத்திற்கும் சான்று தேடிப் பார்த்தல் நலம். பிளாக் மவுண்டனில் ஆல்பர்ஸிடம் பயின்றவர் ராபர்ட் ரவுசென்பர்க். யேலில் பயின்றவர் ஈவா ஹெஸ்ஸெ. ஆல்பர்ஸ் 1950 முதல் சதுரத்துள் சதுரமாக வண்ணத்தை அடுக்கிய வரிசையிலேயே தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைக் கழித்தார். ரவுசென்பர்க்கோ பழந்துணியும் கழிபொருளும் ஓவியத்தில் ஏற்றினார். ஹெஸ்ஸெ இரப்பர்ப்பாலிலும் கண்ணாடி இழையிலும் தொங்கும் சிற்பங்களை ஆக்கினார். இருவர் ஆக்கமும் ஆசிரியரின் சதுரத்தை ஒவ்வாதவை. ஆயினும் மூலப்பொருள் தன் இயல்பால் என்ன செய்யும் என்று கேட்கும் பழக்கம் அவ்விருவரிடத்தும் விளங்குகின்றது. ஆசிரியரின் விடையைப் பெறாது அவர்தம் வினாவைப் பெற்ற மாணவர் என இவர்களைக் கூறலாம்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. அருவ ஓவியம் என்பது உருவமற்ற ஓவியம் அன்று. பண்பியினின்று பண்பைப் பிரித்து நிறுத்தும் ஓவியம். எனவே அதனைக் கற்பிக்கும் விளையாட்டு, ஒரு பண்பை எடுத்து ஏனையவற்றை விலக்கும் வரையறையோடு தொடங்குதல் வேண்டும். இட்டன் பழகிய கையைப் புலன்வழித் திருப்பினார். கிளே நிபந்தனை குணத்தைப் பிறப்பித்தலைக் காட்டினார். காண்டின்ஸ்கி பிரித்தலின் படிகளை வகுத்தார். ஆல்பர்ஸ் தீர்ப்பை எல்லாரும் காணும் களத்தில் வைத்தார். வரையறை இருந்தும் விடை முன்பே தெரியுமாயின் அது சடங்கு. வரையறையே இன்றேல் அது பொழுதுபோக்கு. இவ்விரண்டற்கும் இடையிலேயே கல்வி நிகழ்கின்றது.

இம்முடிபு திறனாய்வாளர்க்கும் ஒரு கடமையை விதிக்கின்றது. ஓர் அருவ ஓவியத்தின்முன் நின்று 'இஃது எதன் படம்?' என வினவுவோரும், 'இதற்குப் பொருளே வேண்டா. உணர்ந்தால் போதும்' என நழுவுவோரும் ஒருபடித்தானவரே. எப்பண்பு இங்கே பிரிக்கப்பட்டது, எவ்வரையறைக்குள் அது சோதிக்கப்பட்டது, அச்சோதனையால் நாம் முன்னறியாத எது நம் கண்ணுக்குப் புலனாயிற்று என வினவத் தொடங்குவோமாயின், இக்கலையைப் பற்றித் தெளிவாக வாதிடும் உரைநடை தமிழில் வளரும். பண்பும் பண்பியும் என்ற பாகுபாட்டை இலக்கணத்தில் நுணுகிக் கற்ற நம் மாணவர்க்கு அவ்வாதம் கைவருதல் அரிதன்று.